நாலணா பாக்கி

ஓசூர் பேருந்து நிலையத்தில் சேலம் வண்டி ஒன்றில் ஏறி, பின்வாசலை ஒட்டிய ஜன்னல் சீட்டைப் பிடித்தேன். மகன் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். மறுநாள் கிருஷ்ணகிரியில் அக்கா வீட்டில் நைனாவுக்குத் தலைத் திவசம். இந்த ரோட்டில் முப்பத்தேழு வருஷம் தோல்பையை மாட்டிக்கொண்டு நின்றபடியே போய்வந்த மனுஷனுக்குப் படைக்கப் போகும்போது ஏசி காரில் சாய்ந்து உட்கார்ந்து போனால், எங்கிருந்தாவது விசில் சத்தம் கேட்கும் என்று பயம்.

நைனா கண்டக்டர். 1953-ல் தனியார் பஸ்ஸில் சேர்ந்தார். பிற்பாடு அரசு பஸ். 1990-ல் ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு. வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று வளர்கிற ஊர் எங்களுடையது. 1956-ல் மொழிவாரியாக மாநிலம் பிரித்தார்கள். எல்லைக்கோடு ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே ஓடுகிறது. பேச்சு மட்டும் அதற்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. பஸ்ஸில் ஏறுகிறவர் எந்த மொழிக்காரர் என்று வேட்டிக் கட்டை வைத்தே கண்டுபிடிப்பேன் என்பார் நைனா. "முன்னாடி போங்க, முந்துகு ஜருகண்டி, முந்தே ஹோகி" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "யாரும் நகரலைன்னா மூணு மொழியும் தெரியாதவங்கதான் என் வண்டியில ஏறியிருக்கீங்க" என்பார். சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள். திட்டினால் நகரமாட்டார்கள் என்பது எல்லைப்புறத்துக் கண்டக்டருக்குத் தெரிந்த விஷயம். மூன்று மொழியிலும் வசவு மட்டும் எல்லோருக்கும் புரியும்.

வண்டி நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் சந்திரசூடேஸ்வரர் மலை தெரிந்தது. சிவன் உடும்பாக வந்து அகப்பட்ட மலை என்பது தலபுராணம். பங்குனித் தேரின்போது பஸ்ஸில் காலூன்ற இடமிருக்காது. அப்போது நைனா, "எங்க சாமியே உடும்பு. ஏறினவங்க கம்பியை உடும்புப் பிடியாப் பிடிச்சுக்குங்க" என்று குரல் கொடுப்பார். இதைச் சின்ன வயதில் நூறு தடவை கேட்டிருப்பேன். நூறாவது தடவையும் அவர் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வரும். மற்றவர்களைச் சிரிக்க வைக்கிறவர்கள் தாங்கள் சிரிக்கமாட்டார்கள் என்று எழுதுகிறார்கள். நைனாவிடம் அந்தப் பக்குவம் கிடையாது. பாதிக் கதையிலேயே அவர் சிரித்துவிடுவார். மீதிக் கதையை டிரைவர்தான் சொல்லி முடிப்பார்.

அவர் போனது 2023 பிப்ரவரி இரண்டாம் வாரம். தொண்ணூற்றொரு வயது. படுக்கையில் விழவில்லை. காலையில் காபி குடித்தார், பேப்பரைப் பிரித்தார், அவ்வளவுதான். கல்யாணச் சாவு என்று ஊரே முடிவு செய்துவிட்டது. பம்பை வந்தது, பட்டாசு வந்தது, பேரன்கள் ஆடினார்கள். பூவுக்கு மட்டும்தான் திண்டாட்டம். ஓசூர், பாகலூர், பேரிகை, தளிப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் ரோஜா காய்த்துக் குலுங்குகிற மாதிரி பூக்கும். ஆனால் பிப்ரவரி 14-ஐ ஒட்டி ஒவ்வொரு பூவுக்கும் வெளிநாட்டுக்கும் வெளிமாநிலத்துக்கும் டிக்கெட் போட்டாகிவிடும். விலை உச்சாணியில் நிற்கும். ஏற்றுமதிக்குக் கழித்த, காம்பு குட்டையான பூவைத்தான் பேரம் பேசி இரண்டு சாக்கு கொண்டுவந்தோம். பல்லக்குக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த சித்தப்பா, "அண்ணனுக்கு விலை தெரிஞ்சிருந்தா இன்னும் ஒரு வாரம் தாங்கியிருப்பான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கதை கொண்டுவந்தார்கள். நைனா செக்கிங் இன்ஸ்பெக்டருக்கே டிக்கெட் கிழித்த கதை, கல்யாணக் கோஷ்டியை வேறு ஊரில் இறக்கிவிட இருந்த கதை. சிரித்துவிட்டு, என் தோளைத் தட்டி, "தொண்ணூத்தொண்ணு, என்ன குறை?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பெரிய வயதில் போனவருக்கு, அதுவும் சிரிக்கச் சிரிக்கப் பேசியவருக்கு, அழுவது ஒரு மரியாதைக் குறைவு போல ஆகிவிடுகிறது. எனக்கு அன்று அழ ஒரு மூலை அகப்படவில்லை. அடுத்த நாளைக்கு என்று தள்ளி வைத்தேன். அப்படியே தள்ளிப்போனது.

அதற்குப் பதிலாக இந்த ஒரு வருஷத்தில் வேறொரு காரியம் செய்தேன். நைனாவின் பொய்களைச் சரிபார்த்தேன்.

பொய் என்பது கொஞ்சம் கடுமையான சொல். அவருக்குக் கதைகள் இருந்தன. நாங்கள் நம்பவில்லை. நம்பவேண்டும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மாற்றாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். மாவட்ட மைய நூலகத்திலும் பழைய கெஜட்டியர்களிலும் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்கு பார்த்தேன். முதல் கதை, மத்திகிரிக் குதிரை. அவருடைய தாத்தாவின் தாத்தா மத்திகிரிப் பண்ணையில் திப்பு சுல்தானின் குதிரைக்குக் கொள்ளு வைத்தார் என்பது. மத்திகிரிப் பண்ணை நிஜம். இன்றைக்குக் கால்நடைப் பண்ணை, ஆதியில் கும்பெனி ராணுவத்துக்குக் குதிரை வளர்த்த இடம். ஆனால் அது ஏற்பட்டது 1824-ல். திப்பு இறந்தது 1799-ல். இருபத்தைந்து வருஷம் உதைக்கிறது. உயிரோடு இருந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பேன். "குதிரை திப்புவுடையதுன்னுதானே சொன்னேன், திப்பு வந்தாருன்னா சொன்னேன்?" என்றிருப்பார். பதில்கூட எனக்குத் தெரிகிறது. இதுதான் தொல்லை.

ஓய்வு பெற்ற பணத்தில் அவர் வாங்கியது ஒரு டிவிஎஸ் 50. 1980-ல் ஓசூரில் பிறந்த வண்டி அது. நம் நாட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து போகும் முதல் மொபெட். அதில் பால் கேன் போகும், தேங்காய் மூட்டை போகும், ஆடு போகும், ஆட்டைப் பிடித்துக்கொண்டு மனைவியும் போவாள். "மத்திகிரிக் குதிரை" என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தார். பெங்களூர்ப் பக்கம் சிப்காட் வளர்ந்து, லாரி, கடிகாரம், மொபெட் என்று வரிசையாக ஆலைகள் வந்தபோது அவருக்கு அதில் ஒரே ஒரு கணக்குதான். ஷிப்ட் எத்தனை மணிக்கு விடும், எத்தனை டிக்கெட் ஏறும். நான் சிப்காட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டப் போனேன். முதல் மாதம் அவர் பஸ்ஸிலேயே ஏறினேன். டிக்கெட் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு, பாக்கியைப் பின்பக்கம் எழுதினார். முப்பத்தைந்து காசு. "நைனா, வீட்டுல வாங்கிக்கறேன்" என்றேன். "டிக்கெட்டைக் காட்டினாத்தான் தருவேன்" என்றார். வீட்டில் தொலைத்துவிட்டுத் தேடினேன். தரவில்லை.

இப்போதைய கண்டக்டர் இளைஞர். கையில் மெஷின், சுருளாகத் தாள் வருகிறது. பின்பக்கம் எழுத இடமில்லை, எழுதத் தேவையும் இல்லை. பாதிப் பேர் போனைக் காட்டிப் பணம் கட்டுகிறார்கள். நடுவழியில் முதுகுப்பையோடு நின்ற நாலு பையன்களைப் பார்த்து "ஆகே சலோ பையா, ஆகே" என்றார். ஒடிசா, அசாம், பீகார் என்று எங்கிருந்தோ வந்து ஆலைகளில் நிற்கிற பிள்ளைகள். நைனாவுக்கு நாலாவது மொழி தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் கெட்ட வார்த்தையிலிருந்து ஆரம்பித்துக் கற்றிருப்பார்.

பேரண்டப்பள்ளிப் பக்கம் தென்பெண்ணை. நந்தி மலையில் கிளம்பி, பெங்களூரின் கழிவையெல்லாம் வாங்கிக்கொண்டு வருகிற ஆறு. மேலே கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் வெள்ளை நுரை ஆள் உயரத்துக்குப் பொங்கும். பஞ்சு மூட்டையைப் பிரித்துப் போட்ட மாதிரி காற்றில் பறந்து வயலில் விழும். மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். ஒருமுறை நைனாவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன், எண்பது தாண்டிய பிறகு. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பெங்களூர்க்காரன் குளிக்கிறான். சோப்புச் செலவு அவனுது, நுரை நமக்கு ஃப்ரீ" என்றார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. அந்தத் தண்ணீரில்தான் அவர் நீச்சல் பழகினார்.

பேரண்டப்பள்ளி வந்தால் நைனாவின் முதன்மையான கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பக்கத்தில்தான் தொரப்பள்ளி. 1878 டிசம்பர் 10-ல் ராஜாஜி பிறந்த ஊர். ராஜாஜியின் தகப்பனார் அங்கே முன்சீப். இதற்கு மேல் நைனா சொன்னது: 1955 வாக்கில் ஒரு நாள், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் கைத்தடியோடு பேரண்டப்பள்ளியில் ஏறினார். முன் சீட்டில் உட்கார்ந்தார். ஒரு ரூபாயை நீட்டினார். சில்லறை இல்லை. "இறங்கும்போது வாங்கிக்குங்க சாமி" என்று நைனா சொல்ல, அவர் ஒன்றும் பேசாமல் கண்ணாடி வழியாகப் பார்த்தார். இறங்கும்போது இருவரும் மறந்துபோனார்கள். "இந்தியாவோட கடைசி கவர்னர் ஜெனரலுக்கு நாலணா பாக்கி வச்ச ஒரே ஆள் நான்தான். மவுண்ட்பேட்டனால்கூட முடியலை."

கதை கேட்பவரைப் பொறுத்து மாறும். காங்கிரஸ்காரரிடம் சொன்னால் பெரியவர் பாக்கியை வேண்டாம் என்பார். தி.மு.க.காரரிடம் சொன்னால் இறங்கியபின் திரும்பி வந்து கேட்பார். நாலணா மட்டும் மாறாது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்து அணாவே ஒழிந்ததும், "என் கடனைத் தீர்க்க சர்க்காரே அணாவை ரத்து பண்ணிடுச்சு" என்று ஒரு வால் சேர்ந்தது.

போன மாதம் மத்திகிரிக் குதிரையை உதைத்துக் கிளப்பி தொரப்பள்ளிக்குப் போனேன். ராஜாஜி பிறந்த வீட்டை நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். அடக்கமான ஓட்டு வீடு, சுவரில் படங்கள். இந்த வீட்டிலிருந்து டெல்லி அரண்மனை வரை போன ஆளைப் படத்தில் உற்றுப் பார்த்தேன். 1952-லிருந்து 1954 வரை மாகாண முதலமைச்சர், அதற்குப் பிறகு எழுபத்தைந்து தாண்டிய முதியவர், சென்னைவாசி. பேரண்டப்பள்ளியில் தனியாக பஸ் ஏறியிருக்க வழியே இல்லை. இன்னொன்றும் தோன்றியது. 1937 அக்டோபர் 1-ல் அவர் மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில்தான் முதலில் கொண்டுவந்தார். அன்றைக்கு ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டம். சொந்த ஊர்க் கள்ளுக்கடையைத்தான் முதலில் மூடினார். ஆனால் ஓசூரிலிருந்து நடக்கிற தூரத்தில் மைசூர் சமஸ்தானம். "ஊர்க்காரரா இருந்தும் அத்திப்பள்ளி எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியலையே" என்று நைனா வருத்தப்படுவார். அவர் குடிக்கமாட்டார். குடித்தவர்களைக் கடைசி டிரிப்பில் ஏற்றிக்கொண்டு வருவார், அவர்கள் பாடுவதை மறுநாள் எங்களுக்குப் பாடிக் காட்டுவார்.

சூளகிரியில் வண்டி நின்றது. கொத்தமல்லிக் கட்டு ஏறும் ஊர். இப்போதும் மேலே போட்ட சாக்கிலிருந்து வாசனை இறங்கியது. முன்பெல்லாம் பஸ் ஊருக்குள் நுழைந்து, டீக்கடை வாசலில் நின்று, டிரைவர் இறங்கி, யாருடைய பெண்ணுக்கு எந்த ஊரில் மாப்பிள்ளை என்பது வரை பேசிவிட்டுத்தான் கிளம்பும். இன்று மேம்பாலமும் சர்வீஸ் ரோடும் ஊர்களை ஓரத்துக்குத் தள்ளிவிட்டன. ஆறு வழிச்சாலை. காஷ்மீரத்திலிருந்து கன்னியாகுமரி போகிற ரோடு என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அதில் சாமல்பள்ளத்தில் இறங்கவேண்டிய கிழவி ரோட்டைத் தாண்டுவதற்குப் படும் பாட்டைப் பார்த்தால் பெருமை கொஞ்சம் குறைகிறது.

மேலுமலை இறக்கம். ஓசூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர். கிருஷ்ணகிரி அதில் பாதி உயரம். இந்த இறக்கத்தில்தான் காற்று மாறும். ஜன்னலில் குளிர் போய் வெதுவெதுப்பு வந்து முகத்தில் படும். நைனா இங்கே ஒரு தடவை விசில் ஊதி, "மேலுமலை! ஸ்வெட்டர் கழட்டறவங்க எல்லாம் கழட்டிக்கலாம்!" என்று ஸ்டேஜ் பெயர் மாதிரி அறிவிப்பார். பிப்ரவரியில் இது நிஜமாகவே தேவைப்படும். இன்றும் எனக்கு முன்சீட்டு அம்மாள் மப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார், யாரும் சொல்லாமலே. நான் கண்டக்டரைப் பார்த்தேன். அவர் மெஷினில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையில் ஏதோ வந்து நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இறக்கம் முடிந்ததும் குருபரப்பள்ளியிலிருந்து மாந்தோப்புகள். மாசியில் மரமெல்லாம் பூ. இலை தெரியாமல் மஞ்சளும் பழுப்புமாக மாம்பூ அடர்ந்திருந்தது. கிட்டத்தில் பார்த்தால் ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில் பூ இருக்கும். அதில் ஒன்றோ இரண்டோதான் காயாக நிற்கும். இங்கே பெரும்பாலும் பெங்களூரா, அதாவது தோத்தாபுரி. கிளிமூக்கு என்றால்தான் குழந்தைகளுக்குத் தெரியும். மாங்கூழ் ஆலைகளுக்குப் போய், டின்னில் அடைபட்டு, கடல் தாண்டுகிற பழம். சீசனில் பஸ் மேலே கூடை ஏற்றிவிட்டு லக்கேஜ் டிக்கெட்டுக்குத் தகராறு செய்வார்கள். நைனா தகராறு செய்யமாட்டார். "கூடைக்கு டிக்கெட் வேணாம், பழம் தலைக்கு ஒண்ணு" என்பார். கூடைக்காரர் உடனே டிக்கெட்டுக்குக் காசு எடுப்பார்.

தென்பெண்ணை மறுபடி வந்தது, கிருஷ்ணகிரி அணையாக. காமராஜர் காலத்தில் கட்டியது. பஸ்ஸும் ஆறும் ஓசூர்ப் பக்கம் பிரிந்து இங்கே சேர்கின்றன. "நமக்கு முந்திக் கிளம்பின வண்டி, லேட்டாத்தான் வரும்" என்பது நைனா. அணை தெரிந்தால் கோட்டை மலையும் தெரியும். சையத் பாஷா மலை என்பார்கள். பாறையே மலை, மலையே கோட்டை. பாராமகாலின் கோட்டைகளில் ஒன்று.

கடைசிக் கதை இந்த ஊரைப் பற்றியது. "அவ்வா மடியில உக்காந்துக்கிட்டு கிருஷ்ணகிரி ஸ்டேஷன்ல ரயில் ஏறினேன்" என்பார் நைனா. அவர் சொன்னதிலேயே அதிகமாகச் சிரித்தது இதற்குத்தான். கிருஷ்ணகிரியில் ரயிலா! 2004-ல் தனி மாவட்டம் ஆனபிறகும் மாவட்டத் தலைநகருக்கு ரயில் இல்லை. ஒவ்வொரு தேர்தலிலும் ரயில் வரும் என்று வாக்குறுதி மட்டும் வருகிறது. திப்பு குதிரையைக்கூடச் சித்தப்பா ஒப்புக்கொள்வார், இதை ஒப்புக்கொள்ளமாட்டார். நைனா அதற்குமேல் வாதாடியதும் இல்லை. "ரயில் மெதுவாப் போகும், இறங்கிக் கொய்யா பறிச்சுட்டு ஏறலாம்" என்று ஒரு விவரம் சேர்ப்பார். செத்துப்போன எல்லா ரயிலுக்கும் இந்தக் கொய்யா உண்டு. அதனால் நான் அறவே நம்பவில்லை.

நூலகத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பியபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பெண் முறைத்தாள். பஞ்சக் காலத்துக்கு உதவும் என்று அந்தக் காலத்தில் போட்ட குறுகிய ரயில் பாதைகள், இரண்டரை அடி அகலம். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-ல் ஒன்று. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-ல் ஒன்று, அது 1913-ல் ஓசூர் வரை நீண்டது. நஷ்டம் என்றும் யுத்தம் என்றும் சொல்லி, நைனா சிறுவனாக இருந்தபோதே மூடி, தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். தொண்ணூறு வருஷம் உண்மையைச் சொல்லிச் சிரிப்பு வாங்கியிருக்கிறார். சிரித்தவர்களில் நானும் ஒருவன். அன்று நூலகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் டிவிஎஸ் 50-ஐப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மறுநாள் படையல். அக்கா வடை, பாயசம், அவருக்குப் பிடித்த ராகிக் களி, கீரைக் கடைசல் எல்லாம் வைத்தாள். நடு இலையில் ஒரு கிண்ணம் மஞ்சளாக ஏதோ. "என்னக்கா இது?" என்றேன். "மாங்கூழ். மாசி மாசத்துல பழத்துக்கு எங்கடா போறது? டின்னை உடைச்சுட்டேன். மாம்பழம் இல்லாத இலையில நைனா உக்காருவாரா?" காகம் வந்தது. வடையை எடுத்தது, கிண்ணத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. "டின்னுன்னு கண்டுபிடிச்சுட்டார்" என்றாள் அக்கா.

சாப்பாடு முடிந்து, அக்கா பீரோவிலிருந்து தோல்பையை எடுத்து வந்தாள். ஒரு வருஷமாகத் தொடவில்லை, நீ வந்ததும் பிரிக்கலாம் என்று வைத்திருந்தேன் என்றாள். தோல் காய்ந்து வெடித்திருந்தது. வார் தேய்ந்து கயிறு மாதிரி. உள்ளே விசில், ஒரு டிக்கெட் கட்டையின் அடி, ரப்பர் பேண்டு ஒட்டிக் கிடந்த இன்வாய்ஸ் தாள்கள். சில்லறை போடும் சின்ன அறையில் ஒரு பொட்டலம். அதன்மேல் பால்பாயிண்ட் பேனாவில், நடுங்கின எழுத்தில்: "பெரியவர் பாக்கி. தொரப்பள்ளியில் சேர்க்கவும்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ஒரு நிமிஷம் நூலகம், தேதி, கணக்கு எல்லாம் ஆட்டம் கண்டுவிட்டது. ரயில் நிஜமென்றால் இதுவும் ஏன் நிஜமாக இருக்கக்கூடாது? பொட்டலத்தைப் பிரித்தேன். காண்டாமிருகம் போட்ட எவர்சில்வர் இருபத்தைந்து காசு. நாலணாதான். ஆனால் 1990-களில் அடித்தது. காகிதத்தைத் திருப்பினேன். கிருஷ்ணகிரியில் ஒரு மருந்துக் கடையின் பில். 2022 நவம்பர். பிரஷர் மாத்திரை, ஒரு இருமல் மருந்து.

எண்பதைத் தாண்டி, தொண்ணூறையும் தாண்டி, கை நடுங்க உட்கார்ந்து, நாம் என்றைக்கோ பிரிப்போம் என்று பொட்டலம் கட்டி வைத்திருக்கிறார் மனுஷன். அதிலும் தடயத்தைச் சரியாக மறைக்கத் தெரியவில்லை. அல்லது மறைக்கவேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ. அக்கா தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். எங்கே சிரிப்பு நின்று அது வேறொன்றாக ஆனது என்று தெரியவில்லை. அக்காவின் பேத்தி வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பாட்டி, தாத்தாவுக்கு என்னாச்சு?" என்று கேட்டது. "ஒண்ணும் இல்ல கண்ணு, கொள்ளுத்தாத்தா சில்லறை கொடுத்தாரு" என்றாள் அக்கா, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

கிளம்பும்போது பொட்டலத்தை என் சட்டைப் பையில் போட்டாள். "போற வழிதானே. கொடுத்துட்டுப் போ."

மாலை வண்டி. மேலுமலை ஏறும்போது குளிர ஆரம்பித்தது. பேரண்டப்பள்ளி வந்தபோது எழுந்து நின்றேன். ஏழு மணிக்கு மேல் ஆகிவிட்டது, நினைவு இல்லத்தைப் பூட்டியிருப்பார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி, "இறங்கறீங்களா சார்?" என்று கேட்டார்.

"இல்லப்பா, இன்னொரு நாள்" என்று உட்கார்ந்துவிட்டேன்.